'கெசட்டட்' கையெழுத்து: பச்சை இங்க்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு சொல்லின் கதை

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கும் ஜி.எஸ்.டி சாலைக்கும் நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் கருவி, கண்ணாடிப் பெட்டிக்குள் பேனா, கவர், ரெவின்யூ ஸ்டாம்ப். கடையை நடத்துபவரை ஊரில் எல்லோரும் 'ஜெராக்ஸ் அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது என்று அவரே சிரிப்பார்.

காலையில் ஒரகடம் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் ஐ.டி.ஐ பையன்கள், செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஸ்கூல் அட்மிஷனுக்கு அலையும் அம்மாக்கள் என எல்லோரும் அந்தக் கடை வாசலில் நிற்பார்கள். அவர்களில் வாரத்துக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அக்கா, இங்க பக்கத்துல கெசட்டட் ஆபீசர் யாராச்சும் இருக்காங்களா?"

எந்த அரசு மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார், எந்தத் தலைமை ஆசிரியர் மதிய இடைவேளையில் கையெழுத்துப் போடுவார் என்ற விவரமெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஆனால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒருநாள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

"கெசட்டட்னா என்னம்மா அர்த்தம்?"

"பச்சை இங்க்ல கையெழுத்து போடுறவங்க."

"அது அவங்க என்ன பண்றாங்கன்னு சொல்றீங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

பதினைந்து வருடங்களுக்கும் மேலாக தினமும் காதில் விழுந்த சொல். தன் வாழ்க்கையையே ஒரு முறை திருப்பிப் போட்ட சொல். அதன் அர்த்தம் தனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மகள் செல்போனை எடுத்தாள். இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள்.

சில்லறைக் காசிலிருந்து வந்த சொல்

கெசட் என்ற சொல்லின் பிறப்பிடம் இத்தாலியின் வெனிஸ் நகரம். 16-ம் நூற்றாண்டில் அங்கே 'கெசட்டா' என்றொரு சிறிய காசு புழக்கத்தில் இருந்தது. செய்தித்தாளின் ஆதி வடிவமான செய்தித் துண்டறிக்கைகளை அந்தக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதனால் காசின் பெயரே தாளுக்கும் வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம் ஊரில் 'காலணா பத்திரிகை' என்று சொன்னார்களே, அது மாதிரி.

இங்கிலாந்தில் 1665-ல் லண்டனைக் கொள்ளைநோய் பிடித்து ஆட்டியது. மன்னர் இரண்டாம் சார்லஸின் அரசவை ஆக்ஸ்போர்டுக்கு இடம் மாறியது. அந்த நவம்பரில் 'ஆக்ஸ்போர்டு கெசட்' என்ற பெயரில் அரசின் செய்தித்தாள் தொடங்கியது. அரசவை லண்டனுக்குத் திரும்பியதும் 1666-ல் அது 'லண்டன் கெசட்' ஆனது. இன்றும் அது வெளிவந்துகொண்டிருக்கிறது.

அரசு யாரை எந்தப் பதவியில் நியமித்தாலும் அதில் அச்சாகும். ராணுவத்தில் ஒருவர் அதிகாரியானால் 'அவர் கெசட் ஆகிவிட்டார்' என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடனாளியாகி திவாலானவர்களின் பெயர்களும் அதே கெசட்டில்தான் வெளியாகும். அதனால், 'அவர் பெயர் கெசட்டில் வந்துவிட்டது' என்றால், ஒரு வீட்டில் பெருமை. இன்னொரு வீட்டில் மஞ்சள் கடுதாசி!

பெருமைக்கும் அவமானத்துக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது? அந்தச் சொல்லுக்குள் பெருமையும் இல்லை, அவமானமும் இல்லை என்பதால்தான். 'எல்லோரும் அறியும்படி அச்சிட்டு அறிவிக்கப்பட்டது' என்பது மட்டுமே அதன் அர்த்தம்.

வெளிநாடுகளில் இந்தச் சொல்லை இப்போதும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 'கெசட்டட் ரோடு' என்றால், முறையாக அறிவிக்கப்பட்ட சாலை. கென்யாவில் 'கெசட்டட் காடு' உண்டு. சிங்கப்பூரில் அரசு விடுமுறை நாள்கள் 'கெசட்டட்' ஆகின்றன. நம் மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலிலும் 'கெசட்டட் ஹாலிடே' என்ற தலைப்பு இருக்கிறது. ஆனால், பேச்சுவழக்கில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு மனிதர் நினைவுக்கு வருவது இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை போன்ற நம் பகுதி நாடுகளில்தான். அமெரிக்கர் ஒருவரிடம் போய் 'கெசட்டட் ஆபீசர்' என்று சொன்னால் விழிப்பார்.

தமிழிலும் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கெசட் என்பது 'அரசிதழ்'. இலங்கைத் தமிழர்கள் 'வர்த்தமானி' என்கிறார்கள். கொழும்பில் அவசரமாக ஏதாவது அறிவித்தால், 'அதிவிசேட வர்த்தமானி வெளியானது' என்று அங்கே செய்தி வரும். வர்த்தமானம் என்றால் செய்தி. 19-ம் நூற்றாண்டில் சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தமிழ்ப் பத்திரிகையின் பெயரே 'தினவர்த்தமானி'தான்.

யார் கெசட்டட்? யார் இல்லை?

அரசுப் பணியில் யாருடைய நியமனம் அரசிதழில் வெளியிடப்படும் தகுதியில் இருக்கிறதோ அவர் கெசட்டட் அதிகாரி. மத்திய அரசில் பொதுவாக குரூப் ஏ அதிகாரிகளும், குரூப் பி-யில் ஒரு பகுதியினரும் இந்த வரிசையில் வருவார்கள். சாதாரணக் குடும்பங்கள் தேடிப் போகும் முகங்கள் என்றால், அரசு மருத்துவர், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அரசுக் கல்லூரிப் பேராசிரியர், தாசில்தார்.

கிராம நிர்வாக அலுவலர் கெசட்டட் அல்ல. வங்கி மேனேஜரும் அல்ல. நோட்டரி வழக்கறிஞரும் அல்ல. அவர்கள் கையெழுத்துக்கு வேறு மதிப்பு உண்டு. ஆனால் அது வேறு கணக்கு.

சரி, அந்தப் பச்சை இங்க்?

கெசட்டட் அதிகாரி என்றால் பச்சை மையில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு சொல்வது வேறு. கோப்புகளில் நீலம் அல்லது கறுப்பு மையைத்தான் பயன்படுத்த வேண்டும். இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள், அதுவும் அரிதான சமயங்களில், பச்சை அல்லது சிவப்பு மையைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். ஆனால், பச்சை மை இல்லை என்பதற்காகவே திரும்பி வந்து, அக்கா கடையில் பச்சைப் பேனா வாங்கிக்கொண்டு மறுபடியும் போனவர்கள் உண்டு. அதற்காகவே ஒரு டஜன் பச்சைப் பேனா அவர் எப்போதும் வைத்திருப்பார்.

1998-ன் மூன்று நாள்கள்

அக்கா பிளஸ் டூ முடித்தது 1998-ல். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. குடும்பத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர்தான். மார்க் நன்றாக வந்திருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கினார். சான்றிதழ் நகல்களில் கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது.

"யாரும்மா அது?" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் சூளை மேஸ்திரி மட்டும்தான்.

முதல் நாள், ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். நோயாளிகளோடு வரிசையில் நின்று உள்ளே போனபோது மணி பன்னிரண்டு. "உன்னை எனக்குத் தெரியாதேம்மா... தெரியாதவங்களுக்கு எப்படிப் போடுறது?" என்று கேட்டார் மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாம் நாள், ஓர் அலுவலகம். அதிகாரி கேம்ப் போயிருந்தார். சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போனது.

மூன்றாம் நாள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு பேராசிரியர் கிடைத்தார். அசலை வாங்கிப் பார்த்தார், நகலைப் பார்த்தார், மள மளவென்று ஐந்து கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இதுக்கா மூணு நாள் அலைஞ்சீங்க?" என்று வருத்தத்துடன் கேட்டார்.

விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. 'அடுத்த வருஷம் போட்டுக்கலாம்' என்றார்கள் வீட்டில். அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது.

"டீச்சர் ஆகியிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சீட்டு கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனா, என் மார்க்கைப் பார்த்து வேணாம்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும். எங்க அப்பாவுக்கு யாரையும் தெரியலைங்கிறதுக்காக ஒண்ணு நின்னுபோச்சு பாருங்க, அதுதான் இன்னும் ஆறலை" என்பார் அவர்.

உண்மையில், சான்றொப்பம் என்பதில் 'உன்னைத் தெரியுமா?' என்ற கேள்விக்கே இடமில்லை. அசலும் நகலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, 'ஆம்' என்று எழுதுவது மட்டும்தான் அங்கே வேலை. காகிதத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே நடக்கும் விஷயம். நன்னடத்தைச் சான்றிதழ் வேறு. அதற்குத்தான் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கொடுக்கிறவர்களும் குழப்பிக்கொண்டார்கள், வாங்குகிறவர்களும் குழப்பிக்கொண்டார்கள். விளைவு, ஆபீசர் மாமா இருக்கும் வீட்டுக்கு ஐந்து நிமிட வேலை. சூளைத் தொழிலாளி வீட்டுக்கு மூன்று நாள் வேலை.

'நானே சான்று' என்றான காலம்

இந்த அலைச்சல் டெல்லிவரை எட்டாமல் இல்லை. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், மக்களை மையமாகக் கொண்ட நிர்வாகம் பற்றி 2009-ல் தந்த தன் 12-வது அறிக்கையில், சுய சான்று முறைக்கு மாறச் சொன்னது. அதை வைத்து 2013 மே மாதம் மத்திய அரசு எல்லா அமைச்சகங்களுக்கும் மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. 2014-ல் இது வேகம் பிடித்தது. நகலில் விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டால் போதும். கடைசிக் கட்டத்தில் அசலைக் காட்ட வேண்டும். பொய்யான நகல் கொடுத்தால் சட்டப்படி நடவடிக்கை. தமிழ்நாட்டிலும் பெரும்பாலான விண்ணப்பங்கள் படிப்படியாக இந்த முறைக்கு வந்தன.

2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளும் எளிதாகின. அதுவரை நோட்டரியிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாங்கவேண்டியிருந்த பிரமாணங்களை வெள்ளைத் தாளில் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

சுய சான்றொப்பம் வந்த புதிதில் அக்கா கடையில் ஒரு புது வேலை சேர்ந்தது. "நீயே கையெழுத்துப் போடுப்பா" என்றால் பையன்கள் நம்ப மாட்டார்கள். "நான் போட்டா செல்லுமாக்கா?" என்று கேட்பார்கள். "செல்லும். 'அசலுடன் ஒத்துள்ளது'ன்னு எழுதி, கீழ கையெழுத்தும் தேதியும் போடு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தனக்குள் ஏதோ ஒன்று இலகுவாவதுபோல இருந்தது என்கிறார்.

இன்னும் எங்கெல்லாம் தேவை?

சொல் ஓய்வு பெற்றுவிடவில்லை. சரியான முகவரிச் சான்று இல்லாதவர்கள் ஆதாரில் முகவரியைத் திருத்த, புகைப்படம் ஒட்டிய ஒரு சான்றிதழ்ப் படிவம் உண்டு. அதில் கெசட்டட் அதிகாரி, தாசில்தார், எம்.எல்.ஏ, எம்.பி எனக் குறிப்பிட்ட சிலர் கையெழுத்திடலாம். வாடகை வீடுகளில் மகனோடும் மகளோடும் தங்கியிருக்கும் வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

அப்படியொரு பாட்டியை அழைத்துக்கொண்டு அக்கா ஒரு தலைமை ஆசிரியையிடம் போயிருந்தார். ஆசிரியை உடனே கையெழுத்துப் போடவில்லை. பாட்டியை உட்காரவைத்து, பெயர், தெரு, பக்கத்து வீட்டில் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றெல்லாம் விசாரித்தார். "தப்பா நினைக்காதீங்க பாட்டி. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

மகள் கேட்ட கேள்விக்கான விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததாக அக்காவுக்குப் பட்டது. நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அவர் பெயரை அச்சடித்து வெளியிடுகிறார்கள்.

இதே சொல் ஒரு மனிதருக்குக் கேடயமாகும் இடமும் உண்டு. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதனையிடப் போகும்போது, 'அருகிலிருக்கும் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால்தான் சோதனை செய்ய வேண்டும்' என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது சோதனையிடுபவரின் கடமை என்று 1999-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நடுரோட்டில் தனியாக நிற்கும் ஒரு சாமானியனுக்கு, பெயர் தெரிந்த, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு சாட்சி வேண்டும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

கல்வெட்டும் கெசட்தான்

இப்படி ஊரறிய வெளியிடும் பழக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது மட்டுமல்ல. செங்கல்பட்டு தாண்டிப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர் நிர்வாக வாரியங்களுக்கு யார் குடவோலையில் நிற்கலாம் என்ற விதிகள் அதில் உள்ளன. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவரது நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான சபை அது. செங்கல் அறுப்பவருக்கு அதில் இடமிருந்திருக்காது. ஆனாலும், அதிகாரத்தில் இருப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதைச் சுவரில் வெட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி வைத்தார்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்குத் தண்டோரா இருந்தது. அறிவிப்பு ஊருக்கு, அதைச் சுமக்கும் இழிவு மட்டும் ஒரு பிரிவினருக்கு என்றிருந்த அந்த முறையைக் கைவிடும்படி 2022 ஆகஸ்ட்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இப்போது அரசிதழே செல்போனுக்குள் வந்துவிட்டது. 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் அச்சாவது நிறுத்தப்பட்டு, இணையத்தில் மட்டும் வெளியாகிறது. தமிழ்நாடு அரசிதழையும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பெயர் மாற்றம் செய்பவர்களின் அறிவிப்புகள் அதில்தான் வருகின்றன. ஒருகாலத்தில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே அச்சாகும் என்று எண்ணியிருந்த அரசிதழில், இன்று நம் பக்கத்துத் தெருக்காரர்களின் பெயர்களும் வருகின்றன.

அடுத்த முறை யாராவது கேட்டால்...

'கெசட்டட் கையெழுத்து வாங்கிட்டு வாங்க' என்று உங்களிடம் யாராவது சொன்னால், உடனே அலையத் தொடங்காதீர்கள். மூன்று விஷயங்களைப் பணிவாகக் கேளுங்கள்.

ஒன்று, சுய சான்றொப்பம் போதுமா? பெரும்பாலான இடங்களில் போதும். படிவத்தில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, சான்றொப்பம் எதற்கு? நகலுக்கா, ஆளுக்கா? நகலுக்கு என்றால் அசலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதிகாரிக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

மூன்று, வேறு யார் கையெழுத்து செல்லும்? பல படிவங்களில் பட்டியலே கொடுத்திருப்பார்கள். அதில் உங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கக்கூடும்.

ஒருவேளை, இதைப் படிக்கும் நீங்களே ஒரு கெசட்டட் அதிகாரியாக இருந்தால், மேசைக்கு எதிரே அசலையும் நகலையும் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்கும் பெண்ணிடம் 'உன்னை எனக்குத் தெரியாதே' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காகிதங்களை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அவர் வீட்டில் யாரோ ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, வெளியே மரத்தடியில் காத்துக்கொண்டிருக்கலாம்.